நீள சீட்டைக் கழட்டி ஸ்பிரிங் வச்ச ஒத்தை சீட்: ஏற்காடு ஏத்தத்துக்கு எது தாங்கும்?

நாகலூர்_மிளகு

2012 பதிவு புல்லட் ஸ்டாண்டர்ட் 350, கார்புரேட்டர் வண்டி. ரெண்டு பேர் உட்காரும் நீள சீட்டைக் கழட்டிட்டு, ஸ்பிரிங் வச்ச ஒத்தை சீட்டும் பின்னாடி ஒரு சின்ன கேரியரும் போடணும். ஓட்டம் முழுக்க நாகலூர், ஏற்காடு, சேலம்தான். பின்னாடி ஆள் ஏறுறதில்ல. ஏறுறது 20 கிலோ வரைக்கும் உர மூட்டையோ மிளகு மூட்டையோ. நீள சீட்டு மேல கட்டினா ரெக்ஸின் வழுக்கி, 20 கொண்டை ஊசி வளைவுல பாதி தாண்டறதுக்குள்ள மூட்டை ஒரு பக்கம் தொங்கிடுது.

ஃப்ரேம்ல வெல்டிங் வைக்காம முடியுமா? ஸ்பிரிங் 3 இன்ச்சா, 4ஆ, 5ஆ? பில்லியன் ஃபுட்ரெஸ்ட் (பின்னாடி உட்காருறவர் கால் வைக்கிறது), சேலை கார்டு (சேலை சக்கரத்துல சிக்காம தடுக்கிறது) கழட்டலாமா? ஆர்டிஓ ஆபீஸ்ல சிக்கல் வருமா? கடையில கேட்டா "எல்லாம் பண்ணிடலாம்ணே"ங்கிறதுக்கு மேல பதில் வரமாட்டேங்குதுங்க.


கொண்டலாம்பட்டி_லேத்

வெல்டிங் வேண்டவே வேண்டாங்க. பின் ஃப்ரேம் குழாய் மெல்லிசு. வெல்டு வச்ச இடத்துக்கு ஒட்டினாப்ல இருக்கிற பகுதி சூட்டுல குணம் மாறி, ஆறு மாசமோ ஒரு வருஷமோ அதிர்ந்த பிறகு அந்தக் கோட்டோடயே விரிசல் விடும். பெயின்ட் மேல இருக்கும், உள்ள குழாய் பிளந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பழைய சீட்டை எப்ப வேணா திருப்பி மாட்டுற மாதிரி எல்லாமே போல்ட்டுலதான் நிக்கணும்.

ஒத்தை சீட்டு மாட்டுறது அரை நாள் வேலை. அந்த நீள சீட்டு இத்தனை நாளா எதையெல்லாம் பிடிச்சுக்கிட்டும் மூடிக்கிட்டும் இருந்துச்சுங்கிறதுதான் மீதி வேலை. அதனால சீட்டைத் தூக்கினதும் முதல்ல போட்டோ எடுங்க. எந்த போல்ட்டோட எந்த வாசர், எந்த எர்த் ஒயர் எங்க மாட்டியிருக்கு, பின் லைட் ஒயர் எந்த வழியா போகுது, எல்லாம் படத்துல இருக்கணும். மட்கார்டை நிறுத்துற போல்ட்டும் கிராப் ரெயிலை (பின்னாடி உட்காருறவர் பிடிச்சுக்கிற கம்பியை) நிறுத்துற போல்ட்டும் பல வண்டியில ஒண்ணேதான். ரெயிலை எடுத்துட்டு அதே நீள போல்ட்டைத் திருப்பி முறுக்கினா, ரெயிலோட கனம் போன அளவுக்கு போல்ட் நுனி உள்ள நீட்டிக்கும். பள்ளத்துல விழுந்து சக்கரம் மேல ஏறும்போது அந்த நுனி டயரைக் கீறும். மட்கார்டுல எந்த போல்ட்டா இருந்தாலும் உருண்டைத் தலை உள்பக்கம், நட்டு வெளிப்பக்கம். இதுல சமாதானமே கிடையாது.

ஸ்பிரிங் உட்காருற பிளேட்டுக்கு 40 அகலம், 5 எம்எம் கனத்துல எம்எஸ் (சாதா இரும்பு) பட்டை. ரெண்டு பின் குழாய்க்கும் குறுக்கே கிடக்கணும். குழாயோட விட்டத்தை வெர்னியர்ல அளந்துட்டு, ரெண்டு பாதியா பிளந்த கிளாம்ப் லேத்துல கடைஞ்சு வாங்குங்க. யு-போல்ட் மலிவுதான், ஆனா அது கோடு மாதிரிதான் பிடிக்கும். குழாயில பள்ளம் விழும், அப்புறம் மெதுவா சுத்தும். கிளாம்ப்புக்குள்ள 1.5 எம்எம் ரப்பர் ஷீட் ஒரு சுத்து வைங்க. 8 எம்எம் போல்ட், தலையில 8.8னு பலத்தைக் காட்டுற முத்திரை இருக்கணும், நைலாக் நட்டு (அதிர்வுல தானா கழலாதது), 22 முதல் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு. டார்க் ரெஞ்ச் இல்லாதவங்க 12, 13 ஸ்பேனரை ஒத்தைக் கையால முறுக்கி நிறுத்திக்கங்க, குழாய் சொருகி முறுக்காதீங்க. ரப்பர் அமுங்கும், அதனால 100 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒரு தடவை பார்க்கணும்.

சீட்டு முன்னாடி ஒரு கீல்லயும் பின்னாடி ரெண்டு ஸ்பிரிங்லயும் நிக்கும். அந்த முன்பக்கக் கீல்தான் நிறைய பேர் கோட்டை விடுற இடம். கீல் ஊசி 10 எம்எம், அதுக்குப் பித்தளை புஷ் (ஊசியைச் சுத்தி வர்ற உறை), ரெண்டு பக்கமும் வாசர். புஷ் இல்லாம வெறும் ஓட்டையில ஊசியை விட்டா மூணு மாசத்துல ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போய் சீட்டு இடம் வலமா ஆடும். இன்னொண்ணு: கீல் சீட்டு மூக்குக்கு நேர் கீழ இருக்கணும். கீல் பின்னாடி தள்ளி இருந்துச்சுன்னா, பின்பக்கம் அமுங்க அமுங்க மூக்கு மேல எழும்பும். கீலுக்கும் ஸ்பிரிங்குக்கும் 30 செ.மீ., கீலுக்கு முன்னாடி மூக்கு 6 செ.மீ. நீட்டிருக்குன்னு வைங்க. பின்னாடி 50 எம்எம் அமுங்கினா மூக்கு 10 எம்எம் எழும்பும். டேங்க்கோட பின் விளிம்புல பெயின்ட் உரியறது இப்படித்தான். டேங்க்குக்கும் மூக்குக்கும் நடுவுல 20 எம்எம் விடுங்க.


ரெக்ஸின்_ஊசி

லேத் அண்ணன் சொன்ன கிளாம்ப் எல்லாம் சரி. ஆனா மலை ரோட்டுக்கு ஸ்பிரிங் சீட்டே தேவையான்னு ஒரு தரம் யோசிச்சுப் பாருங்க மிளகு அண்ணா. ஏத்தத்துல உடம்பு பின்னாடி சரியும், ஸ்பிரிங் இன்னும் அமுங்கும். இறக்கத்துல பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னாடி போகும், ஸ்பிரிங் உங்களைத் தூக்கி டேங்க் மேல தள்ளும். ஒரு வளைவுக்கு ஒரு தடவைன்னு 20 தடவை. ஷாக் அப்சார்பர்ல ஆட்டத்தை அடக்க எண்ணெய் இருக்கு. சீட்டு ஸ்பிரிங்ல அடக்க ஒண்ணுமில்ல, ஊஞ்சல்தான். ஸ்பிரிங் இருக்கிற இடத்துல நாலு ரப்பர் புஷ் வச்சு அசையாத ஒத்தை சீட்டு, நல்ல ஃபோம். இதுதான் என் ஓட்டு.

எதைப் போட்டாலும் சீட்டோட அடித்தகடு 18 கேஜ் இருக்கட்டும். அதுல 6 எம்எம் ஓட்டை மூணு, தண்ணி வடிய. ஃபோம் கீழ ஒரு இன்ச் ரீபாண்ட் (துண்டு ஃபோமை ஒட்டி அழுத்தின கெட்டி ஃபோம்), மேல ஒரு இன்ச் மெத்துன்னு இருக்கிறது. வெறும் மெத்து ஃபோம் ரெண்டு இன்ச் வச்சா கடையில உட்கார்ந்து பார்க்கும்போது சுகம், அடிவாரம் வர்றதுக்குள்ள தகடு இடுப்புல தட்டும். கவரை மாட்டுறதுக்கு முன்னாடி ஃபோம் மேல மெல்லிசு பாலிதீன் ஒரு சுத்து கட்டாயம். ஏற்காட்டுல மழை நின்னாலும் பனிமூட்டம் நிக்காது. உள்ள இறங்கின ஈரம் காயவே காயாம ஃபோம் நாறி, தகடு துருப்பிடிச்சு, ரிவெட் ஒவ்வொண்ணா கழண்டு வரும். தையல் சீட்டோட மேல்பரப்புல வேண்டாம். வைர டிசைன் தையல் பார்க்க அழகு, ஒவ்வொரு ஊசி ஓட்டையும் ஒரு குழாய். தையலை ஓரத்துல, தண்ணி நிக்காத சரிவுல மட்டும் போடச் சொல்லுங்க.


நாகலூர்_மிளகு

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. ஸ்பிரிங்கை விட மனசில்ல, மஞ்சக்குட்டை பக்கம் எஸ்டேட் ரோடு அப்படி. ஒரு ஜோடி ஸ்பிரிங் கைக்கு வந்திருக்கு. 3 இன்ச் உயரம், கம்பி 7 எம்எம், 8 சுத்து, நேர் உருளை. ஆள் எடை 75 கிலோ. போதுமா?


கொண்டலாம்பட்டி_லேத்

மாட்டுறதுக்கு முன்னாடி தரையிலயே பார்த்துடலாம். ரெண்டு ஸ்பிரிங்கையும் ஒரு அடி தள்ளி நிறுத்தி, மேல ஒரு பலகை, பலகை நடுவுல 25 கிலோ அரிசி மூட்டை ஒண்ணு. மூட்டை வைக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் உயரத்தை ஸ்கேல்ல அளந்து எத்தனை எம்எம் அமுங்குச்சுன்னு எழுதுங்க. மூட்டையை ஒரு கையால பிடிச்சுக்கங்க, சரிஞ்சா கால்ல விழும்.


நாகலூர்_மிளகு

அளந்தாச்சு. ரெண்டு பக்கமும் 9 எம்எம்.


கொண்டலாம்பட்டி_லேத்

அப்ப ரெண்டும் சேர்ந்து ஒரு எம்எம்முக்கு ஏறக்குறைய 2.8 கிலோ தாங்குது. 75 கிலோ ஆளோட எடை முழுசும் சீட்டுல இறங்காது. கொஞ்சம் கைப்பிடியில, கொஞ்சம் ஃபுட்ரெஸ்ட்ல, கொஞ்சம் முன் கீல்ல. ஸ்பிரிங் தலையில 40 கிலோன்னு வச்சுக்கங்க. 40ஐ 2.8ஆல வகுத்தா 14 எம்எம் அமுங்கி நிக்கும். அது நல்ல அளவு, ஸ்பிரிங்கோட கடினத்துல குறையில்ல.

குறை உயரத்துல. கம்பி 7 எம்எம், 8 சுத்து, அதாவது சுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டா 56 எம்எம். ஸ்பிரிங் 75 எம்எம். ஆக மொத்தம் அமுங்கவே 19 எம்எம்தான் இருக்கு. அதுல 14ஐ நீங்க சும்மா உட்கார்ந்தே தின்னுட்டீங்க. மிச்சம் 5 எம்எம். ஒவ்வொரு வேகத்தடையிலயும் இரும்போட இரும்பு இடிக்கும், அந்த அடி நேரா முதுகுத்தண்டுக்கும் கிளாம்ப்புக்கும் போகும். ஸ்பிரிங் சீட்டு முதுகு வலி தருதுன்னு ஊர்ல பேசுறது பாதி இதனாலதான், ஸ்பிரிங்கைக் குத்தம் சொல்றாங்க.

அதே கம்பி, அதே 8 சுத்து, அதே அகலம், 4 இன்ச் உயரம் கேட்டு வாங்குங்க. 100 எம்எம்ல 56 போக 44. உட்கார்ந்த பிறகு 30 மிச்சம். 5 இன்ச் போட்டா இன்னும் ஒரு இன்ச் கிடைக்கும், ஆனா சீட்டு உயரமும் ஏறும், வளைவுல பக்கவாட்டு ஆட்டமும் ஏறும். ரெக்ஸின் தம்பி சொன்ன ஊஞ்சல் அங்கதான் ஆரம்பிக்கும். 4 இன்ச் போதும். சுத்தைக் குறைச்சு வாங்கிடாதீங்க. அதே கம்பியில சுத்து குறைஞ்சா ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகும், மெத்துன்னு ஆகாது. நிறைய பேர் தலைகீழா நினைச்சுக்கிட்டு இருக்காங்க.

ஒவ்வொரு ஸ்பிரிங் நடுவுலயும் கீழ் பிளேட்டுல ஒரு ரப்பர் கட்டை வச்சிடுங்க, உயரம் 60 முதல் 65 எம்எம். சுத்து ஒட்டுறதுக்கு முன்னாடி சீட்டு அது மேல மெதுவா உட்காரும். மேல் முனை கீழ் முனை ரெண்டுலயும் ரப்பர் வாசர் போடலைன்னா கீச்சுக் கீச்சுன்னு கத்தும். கிரீஸ் தடவினா ரெண்டு நாள் அமைதி, அப்புறம் மண் ஒட்டிக்கிட்டு இன்னும் மோசம். சீட்டை முழுசா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அடியில மட்கார்டு, ஒயரிங், டூல் பாக்ஸ் எதுலயும் தட்டாம குறைஞ்சது 15 எம்எம் இடைவெளி இருக்கான்னு கண்ணால பார்த்துக்கங்க. வேட்டி கட்டி ஓட்டுறவரா இருந்தா ஸ்பிரிங்கைச் சுத்தி ஒரு ரப்பர் உறை. வேட்டி நுனி சுத்துக்குள்ள சிக்குறது நடக்கிற விஷயம்.


ரெக்ஸின்_ஊசி

கணக்கு போட்டுக் காட்டினதும் சரின்னு தோணுது, 4 இன்ச்னா எதிர்ப்பு இல்ல. மூக்கை மட்டும் 2, 3 டிகிரி மேல தூக்கி வைங்க. மட்டமா வச்சா இறக்கம் முழுக்க ரெண்டு கையாலயும் கைப்பிடியைத் தள்ளிக்கிட்டே வரணும், கீழ அடிவாரத்துக்கு வரும்போது மணிக்கட்டு விட்டுப் போயிரும். ஆள் உட்கார்ந்து ஸ்பிரிங் அமுங்கின நிலையில அளக்கணும். வெறும் சீட்டுல அளந்தா கணக்கு தப்பும்.


ஐந்துரோடு_ஆர்சி

சட்டப் பக்கம் யாரும் தொடலை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்சி-யில (பதிவுச் சான்றுல) இருக்கிற விவரம் கம்பெனி முதல்ல கொடுத்த விவரத்துக்கு மாறா போற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. ஆர்சி-யில இருக்கை எண்ணிக்கைன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல 2ன்னு போட்டிருக்கும். ஒண்ணு, அதைத் தொடாம எப்ப வேணா ரெண்டு பேர் சீட்டு திரும்ப மாட்டுற நிலையில வண்டியை வச்சுக்கங்க. இல்ல, நிரந்தரமா ஒத்தை சீட்டுதான்னா வண்டி எந்த ஆர்டிஓ பதிவோ அங்க எழுதிக் கொடுத்து ஆர்சி-யில ஏத்திக்கங்க. 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி அனுமதி இல்லாத மாற்றத்துக்கு மாற்றம் ஒண்ணுக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டுமே. ஃப்ரேமை அறுத்து, மட்கார்டைக் குட்டையா வெட்டி, நம்பர் பிளேட்டை ஸ்விங் ஆர்ம்ல (பின் சக்கரத்தைத் தாங்குற கையில) தொங்க விடுறவங்க ஒரே வண்டியில மூணு நாலு மாற்றத்தைச் சேர்த்துக்கிறாங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போட்டு வைங்க. கிளெய்ம் வர்ற அன்னைக்கு சர்வேயர் முதல்ல பார்க்கிறது இதுமாதிரி விஷயத்தைத்தான்.

உங்க விஷயத்துல இன்னும் முக்கியமானது, வண்டி 2012. தனியார் வண்டிக்கு ஆர்சி 15 வருஷம், உங்களுக்கு 2027ல முடியுது. அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், அதுக்கு வண்டியைக் கொண்டு போய்க் காட்டணும். அன்னைக்கு பழைய சீட்டு, கிராப் ரெயில், சேலை கார்டு எல்லாம் வண்டி மேல இருக்கணும். அதனால பழைய சீட்டை யாருக்கும் வித்துடாதீங்க. பரண்ல போடுறதா இருந்தா எலி கடிக்காத இடமா பார்த்துப் போடுங்க.

பின் ஃபுட்ரெஸ்ட், சேலை கார்டு ரெண்டையும் கழட்டாதீங்க. பின்னாடி உட்காருறவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்துல பாதியாவது மறைக்கிற தடுப்பு இந்த மூணும் வேணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்லுது. ஆர்சி-யில 2ன்னு இருக்கிற வரைக்கும் அது பொருந்தும். அதோட, பல வண்டியில சைலன்சரைத் தாங்குற போல்ட்டும் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டும் ஒண்ணு. அதைக் கழட்டிட்டு சைலன்சரைக் கம்பியால கட்டி வச்சா, பெண்ட் பைப் (என்ஜின்ல இருந்து சைலன்சருக்குப் போற குழாய்) வாய்ல எல்லாப் பாரமும் இறங்கி அங்க இருக்கிற கேஸ்கெட் ஊதும்.

ஒரு நாள் அவசரத்துல கேரியர் மேல ஆளை உட்கார வச்சிடாதீங்க. 128ஆம் பிரிவு, ஓட்டுநருக்குப் பின்னால உறுதியா பொருத்தின முறையான இருக்கையிலதான் ஆள் உட்காரணும்னு சொல்லுது. மீறினா 194சி-படி 1,000 ரூபாயோட மூணு மாசம் லைசென்ஸும் போகும்.


கொண்டலாம்பட்டி_லேத்

கேரியர் பத்தி. 20 கிலோவுக்கு 20 எம்எம் சதுரக் குழாய், 1.6 கனம் போதும். பெரிய கட்டில் மாதிரி அடிக்காதீங்க, 12 இன்ச்சுக்கு 10 இன்ச் இருந்தா மூட்டை உட்கார்ந்துக்கும். கேரியரை மட்கார்டு தகட்டுல நிறுத்தவே கூடாது. தகடு கிழிஞ்சு, கேரியரோட சேர்ந்து பின் லைட்டும் தொங்கும். கிராப் ரெயில் வந்த ஃப்ரேம் ஓட்டையில ரெண்டு போல்ட், பின் குழாய்ல ரெண்டு கிளாம்ப், நாலு இடத்துல பிடி. ஷாக் அப்சார்பர் மேல் போல்ட்டுல கேரியர் காலை மாட்டிக் கொடுக்கிறேன்னு சொல்வாங்க. அந்த போல்ட் நீளம் அதுக்கு அளந்து வச்சதில்ல, நட்டுக்கு மரை பத்தாம நிக்கும்.

மூட்டையோட நடு, பின் சக்கர அச்சுக்கு நேர் மேல, இல்ல கொஞ்சம் முன்னாடி வரணும். வீல்பேஸ் (ரெண்டு சக்கர அச்சுக்கும் நடுவுல உள்ள தூரம்) சுமார் 1370 எம்எம். அச்சுக்கு 200 எம்எம் பின்னாடி 20 கிலோ வச்சா முன் சக்கரத்துல இருந்து 3 கிலோ குறையும். சமதளத்துல 3 கிலோ ஒண்ணுமில்ல. ஏத்தத்துல, கொண்டை ஊசியில ஃபர்ஸ்ட் கியர்ல திருப்பும்போது முன் சக்கரம் ஏற்கெனவே லேசாத்தான் இருக்கும், அங்க தெரியும். கைப்பிடி வளைச்ச இடத்துல நிக்காம வெளிப்பக்கம் ஓடும். மூட்டையைக் கட்ட ரப்பர் கயிறு மட்டும் போதாது, அது இழுபடும். குறுக்கே ராட்செட் பட்டை ஒண்ணு, அதுக்கு மேல வேணும்னா ரப்பர் கயிறு.

பின் ஷாக் அப்சார்பரைத் தனி ஆள் ஓட்டத்துக்கு மென்மையான படிக்கு இறக்குங்க, ரெண்டு பக்கமும் ஒரே படியில. மூட்டை ஏத்துற நாள்ல ஒரு படி ஏத்திக்கலாம். பின் டயர் காத்தும் தனி ஆளுக்கு ஒரு அளவு, ரெண்டு ஆளுக்கு ஒரு அளவுன்னு மேனுவல்ல தனித்தனியா இருக்கும். இத்தனை நாள் ரெண்டு ஆள் அளவு அடிச்சுக்கிட்டு இருந்திருந்தா மாத்திக்கங்க. சீட்டு குதிக்குதுன்னு சொல்றது சில நேரம் டயர் குதிக்கிறதுதான்.


நாகலூர்_மிளகு

4 இன்ச் ஸ்பிரிங் சொல்லியாச்சு. கடைசியா ஒண்ணு: நீள சீட்டு எடுத்த பிறகு மட்கார்டு மேல வெறும் ஓட்டை நாலு தெரியுது. எம்-சீல் வச்சு அடைச்சிடவா?


ரெக்ஸின்_ஊசி

எம்-சீல் வேண்டாம்ணா, திருப்பி சீட்டு மாட்டும்போது உளி எடுத்துக்கிட்டு உட்காரணும். ஒயரிங்குக்குப் போடுற மாதிரி, ஆனா நடுவுல ஓட்டை இல்லாத ரப்பர் குரோமெட் (ஓட்டையில அமுங்கி நிக்கிற மூடி) வாங்கி அமுக்கிடுங்க. ஓட்டை ஓரத்துல பெயின்ட் போயிருந்தா முதல்ல உப்புத்தாள் தேய்ச்சு ரெண்டு சொட்டு பிரைமர். அடைக்காம விட்டா சக்கரம் அடிக்கிற சேறு அது வழியாப் பீச்சி உங்க சட்டை முதுகுல நேர் கோடு போடும். ஓட்டை முன்பக்கமா இருந்தா, ஃபோமுக்கு அடியிலயும்.


ஐந்துரோடு_ஆர்சி

கழட்டின போல்ட், வாசர், ஸ்பேசர் எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு, டப்பாவைப் பழைய சீட்டோட அடித்தகட்டுலயே கம்பியால கட்டி வைங்க. 2027ல தேட வேண்டியிருக்காது.